கடவுள் இல்லைன்னு சொல்றவங்களுக்கு, கும்பிடறவங்க உரிமையைப் பத்தி என்ன அக்கறை?

ஒரு வாசகர் கேட்டது, ஜனவரி 4, மாலை 6:12

நாத்திகர்கள் மத சுதந்திரம்னு பேசறது எனக்குப் புரியவே இல்ல. கடவுள் பொய்ங்கறீங்க, கும்பிடறவன் ஏமாந்தவன்ங்கறீங்க, அப்புறம் அவன் கும்பிடற உரிமைக்கு நாங்களும் நிக்கறோம்னா எப்படி நம்பறது? கையில அதிகாரம் இல்லாத வரைக்கும் சகிப்புத்தன்மை பேசுவீங்க, அதிகாரம் வந்தா எல்லா வழிபாட்டு இடத்துக்கும் பூட்டு போடுவீங்க. வரலாறு அதைத்தான் சொல்லுது. இல்லைன்னா விளக்குங்க.

ஜனவரி 4, இரவு 10:40

பூட்டு போட்ட கதை உண்மை, அதை மழுப்ப மாட்டேன். அல்பேனியால 1967ல என்வர் ஹோட்ஜா ஆட்சி பள்ளிவாசல், தேவாலயம், மடம்னு ஒண்ணு விடாம மூடுச்சு. சிலதை இடிச்சாங்க, சிலதை கிடங்கா மாத்தினாங்க, ஷ்கோடர் பேராலயம் விளையாட்டு அரங்கம் ஆச்சு. உலகத்தோட முதல் நாத்திக நாடுன்னு பெருமையா சொல்லிக்கிட்டாங்க. 1976ல அரசியல் சட்டத்துலயே எந்த மதத்தையும் அரசு அங்கீகரிக்காதுன்னு எழுதி வெச்சாங்க. ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்ங்கற குத்தத்துக்கு ஒரு வயசான பாதிரியாரைக் கொன்னாங்க. கடவுள் இல்லைன்னு என்னை மாதிரியே சொன்னவங்கதான் இதைச் செஞ்சாங்க, அவங்க வேற நாங்க வேறன்னு ஒரே வரில கை கழுவிட்டுப் போக எனக்கு மனசு வரல.

மாஸ்கோல 1931 டிசம்பர்ல ரட்சகர் கிறிஸ்து பேராலயத்தை வெடி வெச்சுத் தகர்த்தாங்க. அந்த இடத்துல பிரம்மாண்டமா ஒரு சோவியத் மாளிகை கட்டறதா திட்டம், அது எழும்பவே இல்ல, கடைசில அந்தப் பள்ளத்துல நீச்சல் குளம் வந்துச்சு. சோவியத்தே போன பிறகு அதே இடத்துல பேராலயத்தைத் திரும்பக் கட்டி 2000ல திறந்தாங்க. குளமா இருந்த அந்த முப்பது வருஷத்துல அங்க நீந்தினவங்கள்ல எத்தனை பேர் மனசுக்குள்ள வேண்டிக்கிட்டிருப்பாங்கன்னு எந்த அரசாங்கத்தால எண்ணிப் பார்க்க முடியும்?

சரி, இது உங்க பக்க நியாயம். என் பக்கத்தை நாளைக்கு எழுதறேன், அம்மாவுக்கு மருந்து கொடுக்கற நேரம் ஆச்சு.

ஜனவரி 5, காலை 7:05

ராத்திரி முழுக்க இதே யோசனை. நாத்திகன் ஏன் மத சுதந்திரத்துக்குப் பேசணும்ங்கறதுக்கு என்கிட்ட இருக்கற முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது. அது என்னோட சுதந்திரமும்கூட.

உலக மனித உரிமைப் பிரகடனத்தோட 18ஆவது பிரிவு சிந்தனை, மனசாட்சி, மதம் மூணையும் ஒரே வாக்கியத்துல வெச்சிருக்கு. மதத்தையோ நம்பிக்கையையோ மாத்திக்கற உரிமையும் அதுக்குள்ளயே இருக்கு. நான் சின்ன வயசு நம்பிக்கையை விட்டு வெளிய வந்தது அந்த வாசல் வழியாத்தான், இன்னொருத்தர் உள்ள போறதும் அதே வாசல்தான். உள்ள போறவங்களை மட்டும் நிறுத்திட்டு வெளிய வர்றவங்களுக்குத் திறந்து வெச்சிருக்கற கதவுன்னு ஒண்ணு கிடையாது. பூட்டினா ரெண்டு பக்கமும் பூட்டும்.

1948 டிசம்பர் 10ல அந்தப் பிரகடனம் ஓட்டுக்கு வந்தப்ப 48 நாடு ஆதரவு, எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்ல, 8 நாடு ஒதுங்கிடுச்சு. அந்த எட்டுல நாத்திக சோவியத்தும் உண்டு, சவூதியும் உண்டு. காரணங்கள் வேற வேற, சவூதிக்குக் குறிப்பா மதம் மாறற உரிமை உறுத்துச்சு. ஆனாலும் ஒதுங்கினவங்க பட்டியல்ல ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல நிக்கறதை முதல் தடவை படிச்சப்ப கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

ஜனவரி 5, மதியம் 1:20

"பிரகடனத்துல மதம்னுதானே இருக்கு, மதம் இல்லாதவனுக்கு அது எப்படிப் பொருந்தும்"னு ஒருத்தர் கேட்டிருக்கார். மதம் அல்லது நம்பிக்கைன்னு இருக்கு சார். இதுல சந்தேகமே வேண்டாம்னு ஐ.நா. மனித உரிமைக் குழு 1993ல தன்னோட பொது விளக்கத்துல தெளிவாச் சொல்லிடுச்சு: கடவுளை ஏத்துக்கற நம்பிக்கை, ஏத்துக்காத நம்பிக்கை, நாத்திகம், எந்த மதமும் வேண்டாம்ங்கற உரிமை எல்லாத்துக்கும், குடிமை அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கைல இதே உரிமையைச் சொல்ற 18ஆவது பிரிவு பாதுகாப்பு.

ஜனவரி 5, இரவு 11:15

இன்னைக்கு வேற ஒண்ணு சொல்லணும். நான் நல்லவ மாதிரி பேசிட்டே போறேன், அது முழு உண்மை இல்ல.

படிக்கற காலத்துல ஹாஸ்டல்ல என் ரூம்மேட் தினமும் விடியக்காலம் எந்திரிச்சு பிரார்த்தனை பண்ணுவா. சத்தமே வராது, உதடு மட்டும் அசையும். எனக்கு அப்ப 20 வயசு, புதுசா நாத்திகம் பேச ஆரம்பிச்ச வேகம். பரீட்சைக்கு முந்தின நாள் எல்லாரும் இருக்கறப்ப "உன் சாமி வந்து எழுதித் தருமா, இல்ல கேள்வித்தாளை மட்டும் காட்டிட்டுப் போயிடுமா"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவளும் சிரிச்சா. அதுக்கப்புறம் அவ ரூம்ல பிரார்த்தனை பண்ணி நான் பார்க்கல. விட்டுட்டா போலன்னு நினைச்சேன், வெக்கமா இருக்கு இப்ப சொல்ல, உள்ளுக்குள்ள சந்தோஷம்கூடப் பட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் தண்ணி பிடிக்க விடியக்காலம் வெளிய வந்தேன். மொட்டை மாடிக்குப் போற படிக்கட்டு திரும்பற இடத்துல சின்னதா ஒரு வெளிச்சம். பழைய பேப்பரை நாலா மடிச்சுக் கீழ போட்டு, அதுமேல மண்டி போட்டு உக்காந்திருக்கா. டார்ச்சைத் துண்டால பாதி மூடியிருந்தா, வெளிச்சம் புத்தகத்துமேல மட்டும் விழற மாதிரி. நான் வந்த சத்தம் கேட்டு டக்குன்னு டார்ச்சை அணைச்சா பாருங்க, அதை என்னால இன்னிக்கும் மறக்க முடியல.

எந்தச் சட்டமும் அவளைத் தடுக்கல, எந்த அரசாங்கமும் பூட்டு போடல. நான்தான். அல்பேனியா கதையைப் படிக்கறப்பல்லாம் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வரும். அங்க 1990 நவம்பர்ல ஷ்கோடர் கல்லறைத் தோட்டத்துல 23 வருஷத்துக்கு அப்புறம் வெளிப்படையா பூசை நடந்துச்சு, ஆயிரக்கணக்குல ஜனங்க வந்தாங்க. அவ்வளவு பேர் அத்தனை வருஷமா ஏதோ ஒரு படிக்கட்டுல டார்ச்சை அணைச்சு அணைச்சுத்தானே வெச்சிருந்திருப்பாங்க.

ஜனவரி 6, காலை 8:30

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு ரெண்டு பேர் "கேலி பண்றதும் பேச்சுரிமைதான், அதுக்குப் போய் ஏன் இவ்வளவு குற்ற உணர்ச்சி"ன்னு சொல்லியிருக்காங்க. உரிமைதான், மறுக்கல. மதத்தைக் கிண்டல் பண்றதைக் குத்தமாக்கற சட்டம் எதையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஆனா பொதுவா ஒரு கொள்கையை விமர்சனம் பண்றதும், ஒரே ரூம்ல படுத்துத் தூங்கற ஒருத்தியைக் கூட்டத்துக்கு நடுவுல தலை குனிய வெக்கறதும் ஒண்ணா? எனக்கு இப்ப ரெண்டும் வேற வேற. சட்டப்படி சரிங்கறது வேற, செஞ்சது சரிங்கறது வேற.

ஜனவரி 7, இரவு 9:50

சகிப்புத்தன்மைங்கற வார்த்தையே எனக்குக் கொஞ்சம் உறுத்துது. சகிக்கறதுன்னா என்ன, பிடிக்காததைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கறது. தலைவலியைச் சகிக்கலாம், நாத்தத்தைச் சகிக்கலாம். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனைச் சகிச்சுக்கறேன்னு சொன்னா "நான் நினைச்சா நிறுத்த முடியும், போனாப் போகுதுன்னு விட்டு வெச்சிருக்கேன்"னு ஒரு அர்த்தம் தானா வந்து ஒட்டிக்குது. தாமஸ் பெய்ன்ங்கற எழுத்தாளர் 1791லயே இதைத்தான் சொன்னார், சகிப்புங்கறது சகிப்பின்மைக்கு எதிரானது இல்ல, அதோட போலி வடிவம், ரெண்டுமே அடுத்தவன் மனசாட்சிக்கு அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ தனக்கு அதிகாரம் இருக்குன்னு நினைக்கறதுதான்னு.

இந்தச் சகிப்போட எல்லைக்குள்ள நாங்க எப்பவும் இருந்ததில்லைங்கறதும் ஒரு விஷயம். சகிப்புத்தன்மைக்குப் பெரிய பேர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்தான், 1689ல அவர் எழுதின கடிதம்தான் எல்லாரும் காட்டறது. அதுல அவர் பல பிரிவுக்காரங்களுக்கும் இடம் கேக்கறார், கடவுளை மறுக்கறவங்களுக்கு இல்லைங்கறார். வாக்குறுதி, ஒப்பந்தம், சத்தியம் எதுவும் நாத்திகனைக் கட்டுப்படுத்தாதுங்கறது காரணம். அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே, 1682ல, பியேர் பேய்ல்ங்கற பிரெஞ்சுச் சிந்தனையாளர் நாத்திகர்கள் மட்டுமே இருக்கற சமூகம்கூட ஒழுக்கமா வாழ முடியும்னு எழுதியிருந்தார். அவரே மதத்துக்காகத் துரத்தப்பட்டுப் பிழைக்க வெளிநாடு போன புராட்டஸ்டண்ட். நம்பிக்கை உள்ள ஒரு மனுஷன் நம்பிக்கை இல்லாதவங்களுக்காக அந்தக் காலத்துல அப்படி வாதாடினார்ங்கறது எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம்.

ஜனவரி 8, மாலை 5:00

சத்தியம்னதும் சார்லஸ் பிராட்லா ஞாபகம் வந்துடுச்சு, இதை எழுதாம விட முடியாது.

1880ல நார்தாம்டன்ல இருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், வெளிப்படையான நாத்திகர். கடவுள் பேர்ல உறுதிமொழி எடுக்கறதுக்குப் பதிலா வெறுமனே உறுதி கூறிக்கறேன்னார், விடல. சரி உங்க உறுதிமொழியையே எடுத்துக்கறேன்னார், நம்பிக்கை இல்லாதவன் வாயால அது செல்லாதுன்னு அதையும் விடல. ஒரு ராத்திரி மணிக்கூண்டுலயே பிடிச்சு அடைச்சு வெச்சாங்க. தொகுதியைக் காலின்னு அறிவிக்க அறிவிக்க ஜனங்க திரும்பத் திரும்ப அவரையே ஜெயிக்க வெச்சு அனுப்பினாங்க. கடைசில 1888ல சட்டமே மாறுச்சு, யார் வேணும்னாலும் கடவுள் பேரைச் சொல்லாம உறுதி கூறலாம்னு.

நான் சொல்ல வந்தது அவரை மட்டும் இல்ல. 1883ல அவருக்கு வழி விடற மசோதா வந்தப்ப அதுக்காக எந்திரிச்சு நின்னு பேசினவர் பிரதமர் கிளாட்ஸ்டன். நாள் தவறாம பிரார்த்தனை பண்ற, தேவாலயமே மூச்சா இருந்த மனுஷன். பிராட்லாவோட கருத்துல ஒரு துளிகூட அவருக்கு ஒப்புதல் கிடையாது, ஆனாலும் பேசினார். மசோதா 3 ஓட்டுல தோத்துச்சு, அவர் பேசினது நின்னுச்சு.

ஜனவரி 8, இரவு 8:45

ஒரு திருத்தம். மேல எழுதினதைப் படிச்சா 1888 சட்டம் வந்த பிறகுதான் பிராட்லா உள்ள போனார்ங்கற மாதிரி இருக்கு. இல்ல, 1886 ஜனவரிலயே புது சபாநாயகர் குறுக்க யாரையும் பேச விடாம அவரை உறுதிமொழி எடுக்க விட்டுட்டார். உள்ள போய் உக்காந்து, அப்புறம் அவரே முன்னால நின்னு கொண்டு வந்ததுதான் 1888 சட்டம். 1891ல அவர் செத்தப்ப இறுதிச் சடங்குக்குப் போனவங்கள்ல லண்டன்ல படிச்சுட்டிருந்த மோகன்தாஸ் காந்தியும் ஒருத்தர். கடவுளை விடாத அந்த இளைஞர் ஒரு நாத்திகரோட கடைசிப் பயணத்துக்குப் போய் நின்னுட்டு வந்திருக்கார்.

ஜனவரி 10, காலை 6:40

"ஆத்திகர்கள் உங்களுக்கு நின்னாங்க சரி, நீங்க யாருக்கு நின்னீங்க"ன்னு கேள்வி கேட்டவரே திரும்ப வந்து கேட்டிருக்கார். நியாயமான கேள்வி. அதுக்கு முன்னாடி நான் பட்ட கடனைச் சொல்லிடறேன்.

அமெரிக்காவுல யெகோவா சாட்சிகள்ங்கற கிறிஸ்தவப் பிரிவோட பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல கொடிக்கு வணக்கம் வெக்க மாட்டோம்னாங்க, கடவுளைத் தவிர எதுக்கும் வணக்கம் இல்லைங்கறது அவங்க நம்பிக்கை. 1940ல உச்ச நீதிமன்றம் அவங்களுக்கு எதிரா 8க்கு 1ன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதுக்கப்புறம் ஊர் ஊரா அவங்களை அடிச்சாங்க, கூட்டம் கூடற இடத்தைக் கொளுத்தினாங்க. மூணே வருஷத்துல, 1943ல, பார்னெட் வழக்குல அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாத்திக்கிச்சு: ஒருத்தர் மனசுல இல்லாததை வாயால சொல்ல வெக்க எந்த அதிகாரிக்கும் உரிமை இல்ல. 1954ல அந்தக் கொடி உறுதிமொழிக்குள்ள கடவுள் பேரைச் சேர்த்தாங்க. இன்னிக்கு அதைச் சொல்லாம உக்காந்திருக்கற ஒரு நாத்திகப் பையனைப் பாதுகாக்கறது எது? அந்த யெகோவா சாட்சிப் பிள்ளைங்க வாங்கின தீர்ப்பு. இந்தியாவுலயும் மூணு பிள்ளைங்க தேசிய கீதத்துக்கு மரியாதையா எந்திரிச்சு நின்னாங்க, பாடல, 1985ல பள்ளியை விட்டு நீக்கினாங்க, 1986ல உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொல்லுச்சு. அதுவும் அதே நம்பிக்கைக் குடும்பம்தான்.

எங்க வீட்டுக் கதவைத் தட்டி அவங்க வந்தா எனக்கு வாதாட ஆயிரம் இருக்கு. ஆனா வாயை மூடிட்டு இருக்கற உரிமையை எனக்கும் சேர்த்து வாங்கித் தந்தவங்கங்கறதை மறந்துட்டு வாதாட முடியாது.

ஜனவரி 10, இரவு 10:10

யாருக்கு நின்னேங்கறதுக்கு என்கிட்ட பெரிய கதை இல்ல. ஒரு தடவை ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவருக்கு அவரோட விரத நாள்ல மதிய ஷிப்டை மாத்தித் தரமாட்டேன்னு மேலதிகாரி சொன்னப்ப, மத்தவங்களுக்குக் குடும்ப விழான்னா மாத்தறீங்க இவருக்கு ஏன் இல்லைன்னு நான் கேட்டேன். நாலு மாசம் அவரோட ஷிப்டை நானே பாத்தேன். அவ்வளவுதான். "நீங்க நம்பலையே, அப்புறம் ஏன்"னு அவர் கேட்டதுக்கு "நீங்க நம்பறீங்களே"ன்னேன், அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசிக்கல.

ஜனவரி 13, காலை 9:25

இப்ப கஷ்டமான இடம். பல நாளா தள்ளிப் போட்டுட்டே வர்றேன்.

பிரான்ஸ்ல 2004ல அரசுப் பள்ளிகள்ல கண்ணுல படற மாதிரி மத அடையாளம் எதுவும் கூடாதுன்னு சட்டம் கொண்டு வந்தாங்க. அப்ப நான் அதைக் கை தட்டி வரவேத்தவ. பொம்பளைப் பிள்ளைங்க தலைத்துணியிலேர்ந்து விடுதலைன்னு நண்பர்கள்கிட்ட மணிக்கணக்கா பேசியிருக்கேன். இப்ப என் நிலை அது இல்ல. மாறினதுக்கு ஒரே நாள் ஒரே காரணம்னு சொல்ல முடியல. தலைப்பாகையை எடுக்க மாட்டேன்னு சொன்ன சீக்கியப் பசங்களைப் பள்ளியை விட்டு அனுப்பினாங்க, அதுல ஒரு மாணவன் விஷயத்துல 2012ல ஐ.நா. மனித உரிமைக் குழு பிரான்ஸ் செஞ்சது உரிமை மீறல்னு சொல்லுச்சு. அதைப் படிச்சப்ப ஒரு ஆட்டம். 2022 செப்டம்பர்ல ஈரான்ல தலைத்துணி சரியாப் போடலைன்னு பிடிச்சுட்டுப் போன மாசா அமினி காவல்ல இருக்கறப்பவே செத்துப் போனாங்க, அப்ப இன்னொரு ஆட்டம். போடுன்னு அடிக்கற கை, கழட்டுன்னு வாசல்ல நிறுத்தற கை, ரெண்டுக்கும் அளவுல மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், உயிர் போறதும் பள்ளி போறதும் ஒண்ணு இல்ல. ஆனா ரெண்டு இடத்துலயும் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

"வீட்டுல கட்டாயப்படுத்தித்தான் போட வெக்கறாங்க, அவளா விரும்பிப் போடறாளா"ன்னு கேப்பீங்க. சில வீட்டுல அப்படித்தான், அதையும் நான் பாத்திருக்கேன். ஆனா வீட்டுல கட்டாயப்படுத்தற அப்பன் இருந்தா அந்தப் பொண்ணுக்குக் கடைசியா மிச்சம் இருக்கற இடம் பள்ளிக்கூடம், அந்தக் கதவையே சாத்திட்டா அவ எங்க போவா? இதுக்கு இன்னும் என்கிட்ட முழுசா பதில் இல்லைங்கறதையும் சொல்லிடறேன், நேத்து ராத்திரி இதே விஷயத்துல என் வீட்டுக்காரர் என்கூட ரெண்டு மணி நேரம் சண்டை போட்டார், அவர் இன்னும் 2004லதான் நிக்கறார்.

ஜனவரி 13, மதியம் 2:00

அப்ப எல்லை எங்கன்னா, என்னைப் பொறுத்த வரைக்கும் அடுத்தவன் உடம்புலயும் குழந்தை உயிர்லயும். நம்பறதுக்கு எல்லையே கிடையாது, மனசுக்குள்ள யார் என்ன நினைச்சாலும் அதைத் தொட யாருக்கும் உரிமை இல்ல. நம்பிக்கையை வெச்சு வெளிய செய்யற செயலுக்கு எல்லை உண்டு, பன்னாட்டுச் சட்டத்துலயே அந்தப் பிரிவு இருக்கு. 1944ல பிரின்ஸ் வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்கு மனப்பாடம் மாதிரி: பெத்தவங்க தங்களைத் தியாகி ஆக்கிக்கலாம், அதுக்காகப் பிள்ளைங்களைத் தியாகி ஆக்க முடியாது. ரத்தம் ஏத்த வேண்டாம்னு ஒரு பெரியவர் தனக்குத் தானே சொன்னா டாக்டர் எடுத்துச் சொல்லலாம், கெஞ்சலாம், கட்டிப் போட முடியாது. அதையே மூணு வயசுக் குழந்தைக்குச் சொன்னா நான் குழந்தை பக்கம். இதுல எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்ல.

ஜனவரி 15, இரவு 11:30

"உங்களுக்கு என்ன ஆபத்து, யாராவது அடிக்கறாங்களா"ன்னு புதுசா வந்த ஒருத்தர். ஐயா, நாத்திக எழுத்தாளர் அவிஜித் ராயை 2015 பிப்ரவரில டாக்கா புத்தகக் கண்காட்சிலேர்ந்து வெளிய வர்றப்ப வெட்டிக் கொன்னாங்க, கூட இருந்த மனைவிக்கும் வெட்டு. நைஜீரியால முபாரக் பாலாங்கற நாத்திகரை 2020ல பிடிச்சாங்க, மதத்தை அவமதிச்சு இணையத்துல எழுதினார்னு 2022ல 24 வருஷ ஜெயில்னு தீர்ப்பு, மேல்முறையீட்டுல குறைஞ்சு 2025 ஜனவரிலதான் வெளிய வந்தார்.

ஆனா அதே மாதிரி மத அவமதிப்புச் சட்டம் ஆசியா பீபிங்கற கிறிஸ்தவ அம்மாவைப் பாகிஸ்தான்ல என்ன செஞ்சுதுன்னும் பாருங்க. 2010ல தூக்குத் தண்டனை, 2018ல விடுதலை, நடுவுல எட்டு வருஷம். அவங்களுக்காகப் பேசின பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011ல அவரோட பாதுகாவலரே சுட்டுக் கொன்னார். தசீர் முஸ்லிம். ஒரு முஸ்லிம் ஒரு கிறிஸ்தவருக்காகப் பேசி உயிரை விட்டார், அதே ரகச் சட்டத்துல ஒரு நாத்திகர் உள்ள இருந்தார். இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படி என் ஆளுங்களுக்கு மட்டும் அழ முடியும்?

ஜனவரி 16, காலை 7:15

கொஞ்சம் வேற பக்கம் போறேன். நம்ம மணிமேகலைல முதல் காதைலயே விழா அறிவிப்பு வரும். சமயவாதிங்க எல்லாரும் பட்டிமண்டபம் ஏறி வாதாடுங்க, பகையாளியே எதிர்ல நின்னாலும் கோபமும் சண்டையும் இல்லாம நகர்ந்து போங்கன்னு முரசறையறவன் சொல்வான். பின்னால கதாநாயகி மணிமேகலை பல சமயக்காரங்ககிட்ட விளக்கம் கேக்கறப்ப கண்ணால காண்பது மட்டுமே உண்மைங்கற பூதவாதியும் ஒருத்தன். அவன்கிட்ட அவ கேப்பா, உன் அப்பா அம்மா யாருன்னு அனுமானத்தால தவிர வேற எப்படித் தெரிஞ்சுக்கிட்டேன்னு. அந்த இடத்துல எங்க பக்கம் தோத்துப் போறோம்தான், ஆனா பௌத்தக் காப்பியம் ஒண்ணு பூதவாதியையும் சபைல வெச்சுப் பேச விட்டு, கேள்வி கேட்டுத்தான் மடக்குது. அடிச்சு விரட்டல. எனக்கு அந்தத் தோல்வி பிடிக்கும்.

ஜனவரி 19, இரவு 9:00

ஏன் மூணு நாளா காணோம்னு கேட்டவங்களுக்கு: அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சு, ரெண்டாவது கண்.

அம்மா பக்தி உள்ளவங்க. 40 வருஷத்துக்கு மேல ஒரே பிரார்த்தனைப் புத்தகம். அட்டை போய் காக்கிப் பேப்பர் ஒட்டி, அதுவும் போய் துணி தைச்சிருக்காங்க. பக்கம் புரட்டற கீழ் மூலை எல்லாம் விரல் பட்டுப் பட்டு பழுப்பாகி, சில இடத்துல எழுத்தே தேஞ்சிருக்கும். அங்க அம்மா மனப்பாடமா சொல்லிடுவாங்க. முதல் கண்ணுக்கு ஆபரேஷன் ஆனதிலேர்ந்து தினம் ராத்திரி அதை நான்தான் படிச்சுக் காட்டறேன்.

முதல் நாள் அம்மாதான் தயங்கினாங்க. "உனக்கு இதெல்லாம் பிடிக்காதே, வேண்டாம் விடு"ன்னாங்க. எனக்கு நம்பிக்கை இல்லம்மா, ஆனா படிக்க முடியும்னேன். பாதி படிக்கறப்ப ஒரு வரில நான் ஒரு சொல்லை விட்டுட்டேன், கண்ணை மூடிட்டே திருத்தினாங்க. முடிச்சதும் "நம்பிக்கை உள்ள உங்கண்ணனைவிட நீ உச்சரிப்பு சுத்தமா படிக்கற"ன்னு சிரிச்சாங்க.

இது நடிப்பு இல்லையான்னு ஒரு தோழர் தனியா எழுதிக் கேட்டார். நான் ஆமென்னோ அப்படி ஒண்ணோ சொல்றது இல்ல, படிக்க மட்டும் செய்யறேன், அம்மாவுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். பார்வை இல்லாத ஒருத்தருக்கு அவங்க கேக்கற புத்தகத்தைப் படிச்சுக் காட்டறதுல என் கொள்கை எங்க அடிபடுது தோழர்?

ஜனவரி 22, இரவு 10:20

அந்த ஹாஸ்டல் ரூம்மேட்டைத் தேடிப் பிடிச்சுப் பேசினேன். இங்க எழுத எழுத அந்தப் படிக்கட்டு தொண்டையிலயே நின்னுட்டு இருந்துச்சு, அதான். 19 வருஷம். குரல் மாறவே இல்ல. ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். "இருக்கு, முட்டி வலிக்கும்"னா. வேற ஒண்ணும் சொல்லல. மன்னிச்சுக்கோன்னேன். கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல, அப்புறம் "சரி"ன்னா.

அப்புறம் அவ ஒண்ணு கேட்டா. "உனக்குப் பொண்ணு இருக்கான்னியே, நாளைக்கு அவ கும்பிட ஆரம்பிச்சா என்ன பண்ணுவ?"

நான் பதில் சொல்லாம மழுப்பிட்டேன்.

ஜனவரி 25, இரவு 9:40

மழுப்பினதுக்குக் காரணம் இருக்கு. என் பொண்ணுக்கு 11 வயசு. ஒரு வாரமா ராத்திரி நான் படிக்கறப்ப பாட்டி கட்டில் ஓரத்துல வந்து உக்காந்துக்கறா. நேத்து பாட்டி கண்ணை மூடினப்ப இவளும் மூடினா. எனக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. மத சுதந்திரம்னு இங்க இத்தனை நாளா பக்கம் பக்கமா எழுதினவளுக்கு, சொந்தப் பிள்ளை கண்ணை மூடினா சுருக்குன்னுது. எங்கப்பா நான் கும்பிட மாட்டேன்னு சொன்ன அன்னிக்கு அவருக்கும் இதே மாதிரிதான் சுருக்குன்னு இருந்திருக்கும், அவர் ஒரு வாரம் என்கூடப் பேசல, அப்புறம் தானா வந்து பேசினார்.

நான் அவகிட்ட என்ன நினைக்கறேன்னு ஒளிக்க மாட்டேன். அம்மாவுக்கு இதுல நம்பிக்கை இல்ல, ஏன் இல்லைன்னு கேட்டா சொல்றேன்னு ஏற்கெனவே சொல்லியிருக்கேன், கேட்டா சொல்வேன். அதுக்கு மேல என்ன செய்யறதுன்னு வீட்டுக்காரரும் நானும் இன்னும் பேசிட்டு இருக்கோம்.

இன்னிக்கு என் தொண்டை கட்டிடுச்சு. புத்தகத்தை அவதான் எடுத்தா. நாலு பக்கம் படிச்சா, தடுக்கித் தடுக்கி. அஞ்சாவது பக்கத்துல மூலைல எழுத்து தேஞ்ச ஒரு இடத்துல நின்னு, இது என்ன வார்த்தை, என்ன அர்த்தம்னு என்னைப் பாத்துக் கேட்டா. எனக்குத் தெரியும். சொன்னேன்.